ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டிராயர் பொருத்துவது: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் பொலேரோ, ஸ்கார்பியோ, தார், ஜிம்னி, ஃபார்ச்சூனர், வி-கிராஸ் வைத்திருப்பவர்கள் பலர் பின்பக்கத்தில் டிராயர், அதாவது இழுத்துத் திறக்கும் அறை கொண்ட பெட்டி, வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். தோப்புக்குப் போகிறவர்கள், கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவர்கள், பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் கொத்தனார் மேஸ்திரிகள், விடுமுறை கிடைத்தால் மலையேறிவிடும் குடும்பத்தினர் என்று எல்லாரும் இதில் அடக்கம். எந்த டிராயர் நல்லது என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் வண்டி இன்னும் எத்தனை கிலோ தாங்கும், அந்தப் பெட்டியை எதில் பிணைக்கப் போகிறோம் என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதிலிருந்து வருபவை.

எனக்கு டிராயர் தேவையா, இல்லையா?

எப்போதும் ஒரே சாமான்களை ஏற்றிச் செல்பவருக்குத் தேவை. இழுவைப் பட்டை, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் சாமான், முதலுதவிப் பெட்டி, அடுப்பு, நாலு பாத்திரம் ஆகியவை வண்டியைவிட்டு இறங்குவதே இல்லை என்றால் தயங்காமல் செய்யுங்கள். ஒரு வாரம் நெல் மூட்டை, மறுவாரம் தேங்காய், அடுத்த முகூர்த்தத்தில் சீர் சாமான் என்று மாற்றி மாற்றி ஏற்றும் வீட்டில் டிராயர் இடத்தைத்தான் அடைக்கும். அவர்களுக்கு மூடி போட்ட இரண்டு கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிகளும், அவற்றைத் தரை வளையத்தில் இறுக்கிக் கட்ட இரண்டு ராட்செட் பெல்ட்டுகளும் போதும்.

டிராயர் எங்கே தன் விலையைத் திருப்பித் தருகிறது என்று பார்க்க வேண்டுமானால், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையின் துணை வண்டிகளைப் பாருங்கள். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடப்பவர்களோடு வண்டியும் போகிறது. இரவில் சாலையோரத்தில் ஒருவர் கால் கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு வண்டியில் படுக்கைச் சுருளையும் தண்ணீர்க் கேனையும் ஒவ்வொன்றாக இறக்கிவைத்து, அடியில் போய்விட்ட மருந்துப் பெட்டியை டார்ச் அடித்துத் தேடுகிறார்கள். இன்னொரு வண்டியில் பின்கதவைத் திறந்து, இடப்பக்க டிராயரை ஒரு முழம் இழுத்து, பஞ்சையும் கத்தரியையும் கை தானாக எடுக்கிறது. மேலே இருக்கும் சுருள்களைத் தொடவே வேண்டாம். மேலே சுமை இருக்கும்போதே கீழே உள்ளதை எடுக்கலாம் என்பதுதான் டிராயரின் பயன். அந்தப் பயன் உங்களுக்கு இல்லையென்றால் செலவு வேண்டாம்.

என் வண்டி எத்தனை கிலோ தாங்கும்?

உரிமையாளர் கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, ஆளும் சாமானும் இல்லாத வண்டியின் எடை. மற்றொன்று, எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி தாண்டக்கூடாத மொத்த எடை. இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. எரிபொருள் தவிர மீதி எல்லாம், ஆட்கள், கூரைக் கேரியர், இரும்பு பம்பர் உட்பட, அதற்குள் அடங்க வேண்டும்.

ஐந்து கதவு ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். வண்டி சுமார் 1,200 கிலோ. மொத்த எடை வரம்பு 1,545 கிலோ. மீதி 345. ஆளுக்கு 65 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் 260 போய்விடும். மிச்சம் 85 கிலோ. 55 கிலோ எடையில் ஒரு மரப் பெட்டியைச் செய்து வைத்தால், அதற்குள் 30 கிலோதான் போடலாம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றும் ஒரு சமையல் பாத்திரச் செட்டும் வைத்தால் கணக்கு தீர்ந்தது. பெட்டி சாமானைவிடக் கனமாக இருக்கும் இந்த நிலைதான் நான் அதிகம் பார்ப்பது. இருவர் மட்டும் பயணிக்கும் ஜிம்னி என்றால் கதை வேறு; 130 கிலோ திரும்பக் கிடைக்கிறது.

இதைத் தாளில் எழுதிப் பார்க்காமல் பட்டறைக்குப் போகாதீர்கள். எடை மேடையில் வண்டியை ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பது இன்னும் நல்லது. நெல்லும் மணலும் எடை போடும் மேடைகள் நம் பக்கம் நிறையவே உண்டு.

பிளைவுட்டா, இரும்பா, அலுமினியமா?

ஒரு மீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் ஆழம், 25 சென்டிமீட்டர் உயரம் கொண்ட இரட்டை டிராயர் பெட்டிக்கு ஏறக்குறைய நான்கு சதுர மீட்டர் பலகை பிடிக்கும். 12 மி.மீ. பிளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிலோ, 18 மி.மீ. சுமார் 12 கிலோ. சேனல் (டிராயர் ஓடிவரும் இரும்புத் தடம்), பூட்டு, திருகு எல்லாம் சேர்த்தால் முதலாவது 40 கிலோவை ஒட்டியும் இரண்டாவது 55 கிலோவை ஒட்டியும் வந்து நிற்கும். 1.6 மி.மீ. இரும்புத் தகடும் சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோதான். ஆகவே இரும்பு என்றால் கனம், மரம் என்றால் லேசு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 2 மி.மீ. அலுமினியத் தகடு 5.4 கிலோதான், ஆனால் அதற்குச் சட்டம் வேண்டும், வளைக்கும் இயந்திரம் வேண்டும், அலுமினியம் வெல்டிங் தெரிந்த கை வேண்டும்.

நம் ஊரில் நல்ல ஆசாரி கிடைப்பது எளிது. அதனால் 12 மி.மீ. மரைன் பிளைவுட்டைத்தான் நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன். வாங்கும்போது பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கொதிநீரிலும் விடாத பசை கொண்ட மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது. ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது பொதுப் பயன்பாட்டுப் பலகை. அலமாரிக்குச் சரி, மழையில் நனைந்த கதவு இடுக்கில் வைக்க வேண்டாம். டிராயரின் அடிப்பலகைக்கு 9 மி.மீ. போதும், நடுவில் குறுக்காக ஒரு சட்டம் கொடுத்தால்.

ஆசாரிகள் 18 மி.மீ. போடலாம் என்று வற்புறுத்துவார்கள். வீட்டு அலமாரி செய்த கைக்கு அது இயல்பு. அவர்களிடம் எடைக் கணக்கைக் காட்டுங்கள். மூலைகளில் உட்புறமாக அலுமினிய எல் கோணம் வைத்துத் திருகினால் 12 மி.மீ. பெட்டியே உறுதியாக நிற்கும்.

வீட்டில் பழைய பர்மாத் தேக்குப் பலகை இருக்கிறது. அதில் செய்யலாமா?

இந்தக் கேள்வி செட்டிநாட்டைத் தவிர வேறு எங்கும் இவ்வளவு அடிக்கடி வராது. வளவு வீடு இடிக்கும்போது வந்த பலகை, முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வாங்கிய சட்டம் என்று கொண்டுவருகிறார்கள். தேக்கு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அதிகம் நெளியாது, கரையானும் சீக்கிரம் தொடாது. குணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் முழுப் பெட்டியையும் அதில் செய்ய வேண்டாம். பலகையை இழைத்து 12 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் திருகு பிடிக்கும் இடத்தில் நாரோடு பிளக்க வாய்ப்பு உண்டு. பிளக்காத தடிமனில் விட்டால் கனம். பழைய பலகைக்குள் ஆணி முறிந்து கிடக்கும், அது ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். தேக்கில் உள்ள எண்ணெய்ப் பசையால் ஒட்டுப் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை. ஒட்டும் முன் தின்னர் தொட்ட துணியால் துடைத்து உடனே ஒட்ட வேண்டும். டிராயரின் முகப்புப் பலகைக்கு மட்டும் தேக்கைப் பயன்படுத்துங்கள், அழகாக இருக்கும். முழுதாக நிற்கும் பழைய கதவையோ நிலைச்சட்டத்தையோ இதற்காக அறுக்கவே அறுக்காதீர்கள். அந்த அகலத்தில் மரம் இனி வரப்போவதில்லை.

எந்தச் சேனல் வாங்குவது?

பணத்தை இங்கேதான் போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது 45 மி.மீ. அகலமுள்ள பால் பேரிங் டெலஸ்கோபிக் சேனல். ஜோடிக்கு 35 முதல் 45 கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் இருக்கும். அந்த எண் அசையாத சமையலறைக்குச் சொன்னது. கல்லும் பள்ளமும் உள்ள கண்மாய்க் கரைப் பாதையில் அதே சாமான் துள்ளித் துள்ளி விழும்போது சேனலுக்குக் கிடைப்பது அடி. அட்டையில் உள்ளதில் பாதியை மட்டும் நம்பினால் ஏமாற மாட்டீர்கள்.

கருவிகள், பாத்திரம், தண்ணீர் என்று கனமாக வைப்பவர்கள் 53 அல்லது 76 மி.மீ. அகலமுள்ள கனரகச் சேனலைத் தேடுங்கள். 76 மி.மீ. வகையில் ஜோடிக்கு 150 கிலோவுக்கு மேல் தாங்குபவை உண்டு. தொழிற்சாலைச் சாமான் விற்கும் மதுரை, திருச்சி, கோவைக் கடைகளில் விசாரியுங்கள். வாங்கும்போது இரண்டு நிலையிலும் பூட்டிக்கொள்ளும் வகையா என்று கேளுங்கள்: மூடியபோதும் பூட்ட வேண்டும், முழுதாக இழுத்தபோதும் பூட்ட வேண்டும். வண்டி மேட்டில் நிற்கும்போது, திறந்த டிராயர் தானாக மூடி விரலை நசுக்குவதை இரண்டாவது பூட்டுதான் தடுக்கும்.

இன்னொன்று. சேனலை டிராயரின் பக்கவாட்டில்தான் நிமிர்த்திப் பொருத்த வேண்டும். அகலம் மிச்சமாகும் என்று டிராயருக்கு அடியில் படுக்கவைத்துத் திருகுகிறவர்கள் இருக்கிறார்கள். படுக்கவைத்தால் தாங்கும் சுமை ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

சேனலே இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும், புழுதிப் பாதையில் ஓடுகிறவர்களுக்கு எனக்குப் பிடித்த வழியும் அதுதான். 608 எண் கொண்ட சின்ன பேரிங்குகள் எங்கும் கிடைக்கின்றன: உள் விட்டம் 8 மி.மீ., வெளி விட்டம் 22, அகலம் 7. பெட்டியின் வாய்ப்பக்கம் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, டிராயரின் பின்முனையில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, எல்லாம் 8 மி.மீ. போல்ட்டில். டிராயரை வெளியே இழுக்கும்போது பின்முனை மேலே எழப் பார்க்கும். அந்த பேரிங்குக்கு மேலே ஒரு சட்டம் அடித்துவிட்டால் எழாது. மண் புகுந்தால் பேரிங்கைக் கழற்றிப் புதிதாகப் போடலாம், பெரிய செலவில்லை.

இன்னும் எளிதாக வேண்டுமென்றால், காய்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை இரண்டு விரல் அகலப் பட்டைகளாக அறுத்து, டிராயருக்கு அடியில் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு வரும். 20 கிலோ வரை நன்றாக இருக்கும். அதற்கு மேல் இழுக்கக் கை வலிக்கும்.

ஒரு டிராயரா, இரண்டா?

ஒன்று போதும் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் டிராயர், மறுபக்கம் தரையோடு திறந்த இடம். டிராயரில் அடங்காத உயரமான அண்டா, தண்ணீர்க் கேன், குளிர்ப்பெட்டி எல்லாம் அந்தப் பக்கம் போகும். எடையும் பாதியாகக் குறைகிறது. மேலே படுத்து உறங்குகிறவர்களுக்கு மட்டும் சமதளம் வேண்டும், அவர்கள் இரண்டாகச் செய்யலாம். அப்போதும் உயரத்தை 25 சென்டிமீட்டருக்குள் நிறுத்துங்கள். மெத்தை போட்ட பிறகு உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்காதபடி முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பெட்டியை எதில் பிணைப்பது? அதன் எடையே அதை நிறுத்திவைக்காதா?

நிறுத்தாது. இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

பெட்டி 40 கிலோ, சாமான் 50 கிலோ, மொத்தம் 90 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மரத்தில் மோதி, முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது. அந்தச் சிறு தூரத்துக்குள் வேகம் முழுவதும் கரைய வேண்டும் என்றால், வண்டிக்குள் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல் சராசரி 16 மடங்கு விசையில் முன்னோக்கித் தள்ளப்படும். 90 கிலோ பெட்டி ஏறத்தாழ ஒன்றரை டன்னாகிப் பின் சீட்டை முட்டும். அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளைகள். இரண்டு மரத் திருகும் ஒரு ரப்பர் பாயும் இதைத் தாங்காது.

8 மி.மீ. தடிமனில், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் ஒன்று நேர் இழுப்பில் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். நான்கு போல்ட் போட்டால் போல்ட்டைப் பற்றிய கவலை இல்லை. கிழிவது தரைத் தகடுதான். அதனால் தகட்டுக்கு அடியில் சாதாரண வாஷர் போடக் கூடாது. உள்ளங்கை அளவுக்கு, 3 மி.மீ. தடிமனில் வெட்டிய இரும்புத் தகட்டைப் போட்டு அதன் மேல் நட்டை இறுக்க வேண்டும்.

புதிதாகத் துளை போடுவதற்கு முன், வண்டியிலேயே இருக்கும் பிடிமானங்களைத் தேடுங்கள். சாமான் கட்டும் வளையங்களின் போல்ட், கடைசி வரிசை சீட் பொருந்திய துளை ஆகியவை தயாரிப்பாளரே வலுவூட்டிய இடங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொடக் கூடாது. அதைக் கழற்றி நடுவே ஒரு பட்டையைச் செருகிவிட்டு மறுபடி முறுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். உயிரைப் பிடிக்கும் போல்ட்டில் பெட்டியைத் தொங்கவிடுவது எந்த வகையிலும் சரியில்லை.

மோதலை விடுங்கள், வண்டி நிற்கும்போதே பிணைப்பு தேவை. 50 கிலோ டிராயரை முழுதாக இழுத்தால் அதன் எடை மையம் பெட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும். மீதிப் பெட்டி 25 கிலோதான். சீட்டை ஒட்டிய முனை மேலே எழும்பி, பெட்டி முழுவதும் உங்கள் முழங்காலை நோக்கிச் சாயும். சீட் பக்கத்து இரண்டு போல்ட்டுகள்தான் அதைத் தடுப்பவை. கைக்கு எட்டவில்லை என்று அவற்றை விட்டுவிடாதீர்கள்.

தரையில் துளை போடலாமா?

வேறு வழியே இல்லையென்றால் போடலாம். முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: டீசல் டேங்க், பிரேக் குழாய், வயர் கட்டு எங்கே போகின்றன என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத் தூண்களில் துளை போடவே கூடாது. திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதன் பாகங்கள் அங்கேதான் இருக்கும். துளை போட்டதும் விளிம்பைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் இரண்டு கை அடித்து, காய்ந்த பிறகு போல்ட்டைப் போட்டு, அடியில் சீலன்ட் பூசுங்கள்.

ஸ்டெப்னியை எப்படி எடுப்பது?

அளவெடுக்கும் அன்றே ஒரு முறை ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள். ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் அது அடியில் தொங்குகிறது; கம்பியை விட்டுச் சுழற்றித்தான் இறக்க வேண்டும். அந்தக் கம்பியும் ஜாக்கியும் எங்கே இருக்கின்றன, பெட்டி வந்த பிறகு கை நுழையுமா? நுழையாது என்றால் இரண்டையும் டிராயரின் முன்வாய்க்கு மாற்றுங்கள்.

தார், ஜிம்னி, கூர்க்கா போன்றவற்றில் ஸ்டெப்னி பின்கதவில் இருக்கிறது. அங்கே தொல்லை வேறு. கதவு பக்கவாட்டில் திறப்பதால், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ வண்டியை மதிலை ஒட்டி நிறுத்தினால் கதவு பாதிதான் திறக்கும். டிராயர் அந்தப் பாதிக்குள் வெளியே வரும்படி, கதவின் கீல் இல்லாத பக்கம் வையுங்கள். கதவு ரப்பரின் விளிம்பைவிட டிராயரின் அடி ஒரு விரல் உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ரப்பரைச் சுரண்டும்.

கடைசி வரிசை சீட்டைக் கழற்றிவிட்டு டிராயர் வைக்கலாமா?

எத்தனை பேர் உட்காரும் வண்டி என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சீட்டை நிரந்தரமாக எடுப்பதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். சீட்டை மடித்து, அதற்கு முன்னோ மேலோ கழற்றி மாட்டக்கூடிய பெட்டியாகச் செய்வதே நிம்மதி. காப்பீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், மின்சாரம் சாராத துணைப் பொருள் என்ற தலைப்பில் அதன் மதிப்பைப் பாலிசியில் சேர்க்கலாம்.

பக்கவாட்டு சீட்டில் ஆளை உட்காரவைத்து, எதிரே டிராயர் வைக்கும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

செம்மண் புழுதி டிராயருக்குள் போகாமல் தடுக்க முடியுமா?

முழுதாக முடியாது, பெருமளவு முடியும். வண்டி ஓடும்போது பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் புழுதி அங்கேயே சுழலும். கதவு ரப்பரில் சிறு விரிசல் இருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே டிராயருக்கு முன் கதவு ரப்பரைக் கவனியுங்கள். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது. பிறகு டிராயரின் முகப்புக்கு உட்புறம் சுற்றிலும் குழாய் வடிவ ரப்பர் பீடிங் ஒட்டி, அழுத்திப் பூட்டும் வகைப் பூட்டைப் போடுங்கள்.

சேனலுக்கு கிரீஸ் தடவாதீர்கள். நம் செம்புராங்கல் மண் நைசானது. கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்துத் துடைத்தால் போதும். மரத்தோடு மரம் உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

துரு பிடிக்குமா?

உலோகம் அரிப்பதைப் பற்றிக் கேட்க வேண்டிய ஊரில்தான் இருக்கிறோம். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்கியமான துறைகளில் ஒன்று இந்த அரிமானம்தான். அதன் அடிப்படைப் பாடம் டிராயருக்கும் பொருந்தும்: அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு, நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால், அலுமினியம் கரைந்துகொண்டே போகும். தொண்டிக் கடற்கரைக்கு அடிக்கடி போய்வரும் வண்டியில் இது சீக்கிரம் தெரியும். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். இரண்டுக்கும் இடையே நைலான் வாஷரோ ரப்பர் தாளோ வைத்துப் பிரியுங்கள். கடற்கரைப் பயணம் முடிந்து வந்ததும் வண்டியின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

சத்தம் வருகிறதே?

டிராயர் ஓரத்தில் கம்பளித் துணி, சாமான்களுக்கு இடையே பழைய வேட்டி. பெரும்பாலான சத்தம் பெட்டியிலிருந்து வருவதில்லை, உள்ளே உருளும் ஸ்பானரிலிருந்து வருகிறது.

டிராயரில் எவற்றை வைக்கக் கூடாது?

சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கொசு மருந்து, பெயின்ட் போன்ற ஸ்பிரே டப்பாக்களை 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே இருக்கிறது. லைட்டர், பெட்ரோல் கேன், பவர் பேங்க், சமையல் எரிவாயு உருளை எதையும் மூடிய டிராயரில் விட்டுவைக்காதீர்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் டிராயரின் அடியிலேயே தேங்கி நிற்கும். மாத்திரைகளும் வெயிலில் கெடும். அவற்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, பயணத்தன்று முதலுதவிப் பெட்டியில் எடுத்துவையுங்கள். சீடை, முறுக்கு மீதி இருந்தால் இரவே எடுத்துவிடுங்கள், எலி வயரையும் சேர்த்துக் கடிக்கும்.

தரைவிரிப்பு ஒட்டுபவர்கள் வெப்பம் தாங்கும் பசையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பசை முதல் கோடையிலேயே விட்டுவிடும்.

டிராயர் வைத்த பிறகு ஸ்டியரிங் லேசாகிவிட்டது. ஏன்?

எடை பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.7 மீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி 100 கிலோ வைத்தால், பின் சக்கரங்கள் மேல் 122 கிலோ கூடும். முன் சக்கரங்களிலிருந்து 22 கிலோ குறையும். கனமானவற்றை சீட்டை ஒட்டி வையுங்கள், லேசானவை கதவுப் பக்கம் இருக்கட்டும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் இருக்கும்; பின் டயருக்கு அதைக் கடைப்பிடியுங்கள்.

பிக்கப் வண்டிக்கு?

மழைநீர்தான் முதல் எதிரி. மேல்மூடி இல்லாத வண்டியில் மரப் பெட்டி வேண்டாம், அலுமினியம் போடுங்கள். பின்பலகையைக் கீழே சாய்த்தால் டிராயர் அதையும் தாண்டி வர வேண்டும், இல்லையென்றால் கை எட்டாது.

வெளிநாட்டுத் தயாரிப்பு வாங்கினால் கவலை விட்டதா?

ஆஸ்திரேலியாவில் நீண்ட தூரப் பாதைகளில் ஓடுகிறவர்கள் வளர்த்தெடுத்த சாமான் இது. 1975-இல் மெல்போர்னில் தொடங்கிய ஏஆர்பி போன்ற நிறுவனங்களின் டிராயர்கள் உறுதியானவை. ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் போல் அங்கும் ஓடும் வண்டிகளுக்கு அளவு பொருந்தும். பொலேரோவுக்கும் ஸ்கார்பியோவுக்கும் பக்கத்து இடைவெளியை எப்படியும் உள்ளூரில்தான் அடைக்க வேண்டும். எடையைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஆசாரியிடம் எப்படி வேலை சொல்வது?

அளவை எண்ணாகச் சொல்லாதீர்கள், அட்டையாகக் கொடுங்கள். குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டையை வெட்டி, வண்டிக்குள் வைத்து, சக்கரத்துக்கு மேல் உள்ளே புடைத்திருக்கும் பகுதியைச் சுற்றி வரைந்து, பொருந்தும்வரை திருத்துங்கள். பெட்டிக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள், மேடுபள்ளத்தில் வண்டியின் உடம்பு முறுக்கிக்கொள்ளும்போது பெட்டி உரசக் கூடாது. தரை சமமாக இருக்காது, ஓரங்களில் ரப்பர் தாள் கொடுத்துத்தான் மட்டம் கொண்டுவர வேண்டும்.

அட்டை டிராயரையும் செய்து, உங்கள் அடுப்பையும் குக்கரையும் அதில் வைத்துப் பாருங்கள். குக்கரின் கைப்பிடி ஒரு விரல் இடித்துக்கொண்டு நிற்பது அட்டையில் தெரிந்தால் கத்தரியோடு முடிந்துபோகும்.

பொருத்திய பிறகு என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு போல்ட் தலையிலும் தகட்டிலும் சேர்ந்தாற்போல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். காலியாக முதலில் ஓட்டுங்கள். பிறகு சாமானோடு ஒரு கண்மாய்க் கரைப் பாதையில் மெதுவாகப் போய்வாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. விலகியிருந்தால் கழற்றி, நைலான் பிடிப்புள்ள நட்டை மாற்றி, மறுபடி இறுக்குங்கள். மரம் சற்று அமுங்கும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு முறை ஸ்பானர் வைத்துப் பார்க்க வேண்டும். அதன்பின் வண்டி சர்வீசுக்குப் போகும்போதெல்லாம் மெக்கானிக்கிடம் அடிப்புறத் தகடுகளைக் காட்டுங்கள்.